உளுந்தைக் காப்பாற்றும் வேலை நாற்றங்காலில் தொடங்குகிறது

கேள்வி: பர்மாவில் பெகு நகருக்குக் கிழக்கே தனப்பின் பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர். ஐந்து ஏக்கர் பள்ளம், மூன்று நடுத்தரம், நாலு மேடு. மழைக்காலத்தில் நெல், அறுத்ததும் உளுந்து. முன்பெல்லாம் கார்த்திகை பிறந்த கையோடு உளுந்து விதைப்போம், ஏக்கருக்குப் பத்துக் கூடை எடுப்போம். இப்போது ஆனியில் மழை இல்லை, ஆவணியில் வெள்ளம், ஐப்பசியிலும் கொட்டுகிறது. தண்ணீர் வடிந்து, நெல் அறுத்து, உளுந்து போடுவதற்குள் மார்கழி வந்துவிடுகிறது. பூ உதிர்ந்து, இலை மஞ்சளாகி, நாலு கூடை தேறுவதே பெரும்பாடு. விலை கிடைக்கிறதே என்று சில வருஷமாக எல்லா வயலிலும் பாவ்சான் நெல்தான் போடுகிறோம். உளுந்தை விட்டுவிட்டு வாய்க்கால் தண்ணீரில் கோடை நெல் போடலாம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் மழையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், பாவ்சானைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. உளுந்துக்கு நேர்ந்த கெடுதலில் பாதிக்கு வானம் காரணம். மீதிக்கு, அதற்கு முன்னால் நிற்கும் நெல் காரணம். வானத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது, நெல்லை மாற்றலாம்.

பாவ்சான் பகல் சுருங்கினால்தான் கதிர் தள்ளும் ரகம். வைகாசியில் விதைத்தாலும் சரி, ஆடியில் விதைத்தாலும் சரி, புரட்டாசிக்குப் பிறகு பகல் குறைந்த பின்புதான் அது பூக்கும். அறுவடை டிசம்பரில்தான். முன்கூட்டி நாற்று விட்டால் முன்கூட்டி அறுக்கலாம் என்ற கணக்கு அதனிடம் செல்லாது. மழை ஒழுங்காக விடைபெற்ற காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அக்டோபர் பாதியில் மழை ஓயும், நவம்பரில் வயல் வடியும், டிசம்பர் தொடக்கத்தில் அறுத்ததும் ஈரம் குறையாத மண்ணில் உளுந்து விழும். இப்போது மழைக்காலத்தின் இரண்டு முனையும் நிலையாக இல்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அந்த ஈரம் பல நாள் தூறலாகப் பரவாமல், சில நாளில் மொத்தமாகக் கொட்டுகிறது. 2023 அக்டோபரில் பெகு நகரமே மூழ்கியது உங்களுக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் யாகி புயலின் மிச்சம் வந்து பெகு மாநிலத்தின் பல பகுதிகளை மூழ்கடித்தது. இரண்டும் மழைக்காலத்தின் பின்பாதியில் வந்தவை, அதாவது நெல் முற்றி வயல் வடிய வேண்டிய நாட்களைத் தின்றவை.

உளுந்தின் பக்கம் இருந்து பார்த்தால் கணக்கு தெளிவாகும். நம் பக்கத்து உளுந்து குளிர்காலத்தில் சுமார் 80 முதல் 90 நாள் எடுக்கும், நாற்பதாம் நாளை ஒட்டிப் பூக்கும். நவம்பர் 20-இல் விதைத்தால் புத்தாண்டை ஒட்டிப் பூ வரும். அப்போது இரவு குளிர்ச்சி, காலையில் பனி, மண்ணில் ஈரமும் மிச்சம். டிசம்பர் கடைசியில் விதைத்தால் பிப்ரவரி தொடக்கத்தில்தான் பூ. காய் பால் பிடிப்பது மாசிக் கடைசியில், பகல் வெயில் 35 டிகிரியைத் தொடும் நேரத்தில், மண் வெடித்துக்கிடக்கும் நிலையில். பூ உதிர்வது இதனால்தான். இலை மஞ்சளாவதும் இதோடு சேர்ந்ததே. மஞ்சள் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. குளிர் விலகி வெப்பம் ஏற ஏற அது பல்கிப் பெருகும். பிந்தி விதைத்த செடி இளசாக இருக்கும்போதே ஈயிடம் மாட்டிக்கொள்கிறது. மருந்துக் கடையில் இதற்குத் தீர்வு தேடினால் பணம்தான் போகும்.

ஆகவே நவம்பர் 20 முதல் 30-க்குள் உளுந்து மண்ணில் விழ வேண்டும் என்று முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த வயலுக்கு எந்த நெல் என்று முடிவு செய்யுங்கள்.

மேட்டு நாலு ஏக்கரில் பாவ்சான் வேண்டாம். பகலின் நீளத்தைப் பார்க்காமல் நாள் கணக்கில் முற்றும் ரகம் போடுங்கள். சின்துக்கா, சின்த்வேலட் போன்றவை 135 நாளை ஒட்டியவை. ஜூலை 10-க்குள் நாற்றங்காலில் விதை விழுந்தால் நவம்பர் 22 வாக்கில் அறுக்கலாம். மழை தாமதித்து அந்தத் தேதி தாண்டினால் 115 நாள் ரகமான தீ-டட்-யினுக்கு மாறிவிடுங்கள். கையில் இருக்கும் விதையை வீணாக்க மனம் வராமல் 135 நாள் ரகத்தையே ஜூலைக் கடைசியில் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. உளுந்து அங்கேயே பாதி போய்விடுகிறது.

நடுத்தர மூன்று ஏக்கரில்தான் ஆவணி வெள்ளம் உங்களை அடிக்கிறது என்று ஊகிக்கிறேன். அங்கே யேம்யொக்கான்-1 பொருந்தும். ஸ்வர்ணா நெல்லில் ‘சப்-1’ என்ற மரபணுவைச் சேர்த்து எடுத்த ரகம் அது. சாதாரண நெல் மூழ்கினால் மூச்சு தேடி விறுவிறுவென்று நீளும், இருக்கும் மாவுச்சத்தை எல்லாம் அதிலேயே செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும். இந்த ரகம் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக் காத்திருக்கும். இரண்டு வாரம் வரை முழுக்க மூழ்கினாலும் பிழைக்கும். தெளிந்த தண்ணீரில் பிழைப்பு அதிகம், சேற்று வெள்ளத்தில் குறைவு, ஏனென்றால் கலங்கல் வெளிச்சத்தை அடைத்துவிடும். வயது சுமார் 145 நாள், மூழ்கினால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளும். எனவே ஜூன் 15-க்குள் நாற்றங்காலில் விதைத்தால்தான் நவம்பர் 20 வாக்கில் அறுக்க முடியும். மழைக்குக் காத்திராமல் நாற்றங்காலுக்கு மட்டும் குட்டைத் தண்ணீரை இறைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் நடவுக்கு ஒரு கூடை விதையும் பத்து சென்ட் நாற்றங்காலும் போதும் என்பதால் இந்த இறைப்புச் செலவு பெரிதல்ல.

பள்ளமான ஐந்து ஏக்கரில் பாவ்சானையே விடுங்கள். அங்கே மாதக்கணக்கில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றால் சப்-1 ரகம் உதவாது. அது குட்டை, மூழ்கி எழுவதற்குத்தான் பழகியது, நின்ற தண்ணீரில் தூர் கட்டாது. உயரமான பாவ்சானை 40 முதல் 45 நாள் வயதான முற்றிய நாற்றாக, குத்துக்கு நாலைந்து வீதம் நட்டால் தாங்கும். விலையும் கிடைக்கும். ஆனால் அந்த ஐந்து ஏக்கரில் உளுந்தை எதிர்பார்க்காதீர்கள். பன்னிரண்டு ஏக்கரிலும் உளுந்து போட்டு நாலு கூடை எடுப்பதைவிட, ஏழு ஏக்கரில் நேரத்தோடு போட்டு எட்டு, ஒன்பது எடுப்பது மேல். விதை, உழவு, ஆள் கூலி மூன்றும் மிச்சம்.

எந்த ரகம் போட்டாலும், முதல் நாற்றங்கால் விட்ட மூன்றாம் வாரத்தில் தீ-டட்-யின் விதையில் இன்னொரு சிறு நாற்றங்கால் விட்டுவையுங்கள். நடப்போகும் பரப்பில் கால்வாசிக்குப் போதுமான நாற்று இருந்தால் சரி. வெள்ளம் அடித்த பிறகு நாற்று தேடி ஊர் ஊராக அலைவது வேண்டியிருக்காது. ஆகஸ்ட் 15-இல் புதிதாக விதைத்தாலும் 115 நாள் ரகம் டிசம்பர் 8-இல் முற்றும், 135 நாள் ரகம் டிசம்பர் கடைசிக்குப் போய்விடும்.

வெள்ளம் வடிந்த அன்றே யூரியா போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். வேர் இன்னும் உயிர் பெறாத செடி அதை எடுக்காது, இலை மட்டும் மெத்தென்று அழுகும். ஐந்து முதல் ஏழு நாள் பொறுத்து, குருத்திலிருந்து புது இலை எட்டிப்பார்த்த பிறகு ஏக்கருக்கு யூரியா 20 கிலோ, பொட்டாஷ் 10 கிலோ கலந்து போடுங்கள். செத்த குத்துகளின் இடத்தில், பிழைத்த குத்துகளில் தூர் அதிகமாக உள்ளவற்றைப் பிரித்து நடலாம். இதனால் பயிர் முழுவதும் ஒரே வயதில் இருக்கும், அறுவடை நாளும் சிதறாது.

அடுத்தது வடிகால். பலரும் இதை அறுவடைக்குப் பின் யோசிக்கிறார்கள். கதிர் பூத்து இருபது நாள் ஆனதும், தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும்போதே, வயலுக்குள் முப்பது அடிக்கு ஒன்றாக ஓரடி அகலம், அரையடி ஆழத்தில் வடிகால் வாய் வெட்டி, தாழ்ந்த வரப்போரம் உள்ள பெரிய வாயில் சேருங்கள். கொஞ்சம் கதிர் மிதிபடும், பரவாயில்லை. களிமண் வயலில் அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை வெட்டிவிட வேண்டும். மணி அப்போது பால் இறுகி முற்றும் கட்டத்தில் இருக்கும், தண்ணீர் இல்லாததால் கெடாது. உங்கள் வாய் போய்ச் சேரும் ஓடையில் மீன் குத்தகைக்காரர் மூங்கில் அடைப்பு போட்டிருந்தால், நீங்கள் எத்தனை வாய் வெட்டினாலும் தண்ணீர் நகராது. அந்தப் பேச்சை ஐப்பசியில், தண்ணீர் முட்டி நிற்கும்போது ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். இப்போதே, குத்தகை தொடங்குமுன், ஓடையை ஒட்டிய எல்லா வயல்காரரும் சேர்ந்து ஊர்த் தலைவர் முன்னிலையில் அடைப்பைத் திறக்கும் தேதியைப் பேசி முடியுங்கள்.

உழுது விதைப்பதில் இன்னொரு பத்து நாள் போகிறது. அறுத்து, கட்டு கட்டி, வைக்கோல் அகற்றி, டிராக்டர் கிடைக்கும்வரை காத்து, உழுது, அதற்குள் மேல்மண் காய்ந்து கட்டி தட்டிவிடும். நெல் நிற்கும்போதே உளுந்தைத் தெளித்துவிட்டால் அந்த நாட்கள் அப்படியே மிச்சம். தஞ்சைப் பகுதியில் நஞ்சைத் தரிசில் இப்படித்தான் தெளிக்கிறார்கள். ஆளை விட்டு அறுப்பதாக இருந்தால் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு தெளியுங்கள். அறுவடை இயந்திரம் இறங்குவதாக இருந்தால் அவ்வளவு முன்பாகத் தெளிக்கக் கூடாது. முளைத்த செடியைச் சங்கிலிச் சக்கரம் நசுக்கிவிடும். இயந்திரம் வரும் அன்று காலையோ முதல் நாளோ தெளியுங்கள். பின்னால் விழும் வைக்கோலை அன்றே கலைத்துப் பரப்பிவிட வேண்டும். வரிசையாகக் குவிந்துகிடந்தால் அதன் அடியில் முளை வெளுத்துச் சாகும்.

பதம் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயலுக்குள் நாலைந்து இடத்தில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். கால் வைத்த தடத்தில் தண்ணீர் கசிந்து தேங்கினால் இன்னும் நேரம் ஆகவில்லை, தெளித்த விதை ஊறி அழுகும். தடம் தெளிவாகப் பதிந்து, அரை அங்குலம் மட்டும் அமிழ்ந்து, ஓரம் மெழுகுபோல் பளபளத்தால் அதுதான் பதம். குதிகால் மட்டும் பதிந்து விரல் பதியாவிட்டால் கடந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் மேலே தெளித்தால் பாதி முளைக்காது, உழுதே விதைக்க வேண்டும். ஒரே வயலில் மேட்டுப் பக்கம் இரண்டு மூன்று நாள் முந்திப் பதம் வரும். முழு வயலுக்கும் ஒரே நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

விதை அளவு: சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டும், ஏக்கருக்குச் சுமார் 1,33,000. ஆயிரம் விதை 45 கிராம் என்றால் ஆறு கிலோவே போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் தெளித்த விதையில் பாதிக்கும் குறைவுதான் செடியாகி நிற்கும். பறவை, அழுகல், வைக்கோல் மறைவு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 16 கிலோ, அதாவது நம் 72 ராத்தல் கூடையில் பாதி, எடுத்துக்கொள்ளுங்கள். உழுது விதைத்தால் 12 கிலோ. விதைக்கு முதல் நாள் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையைக் கிலோவுக்கு நாலு கிராம் கலந்து வையுங்கள். மறுநாள், வேரில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் தடவி, நிழலில் அரை மணி உலர்த்தித் தெளியுங்கள். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் செத்துவிடும், வெறும் கஞ்சி தடவிய விதைதான் மிஞ்சும்.

தெளித்த பயிருக்கு அடியுரம் போட வழியில்லை, அதனால் இலைவழிதான் கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு நாலு கிலோ டி.ஏ.பி. உரத்தைப் பத்து லிட்டர் தண்ணீரில் முந்தைய இரவே ஊறவைத்து, காலையில் தெளிவை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி மாலை நேரத்தில் அடியுங்கள். பூ எட்டிப்பார்க்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை. வண்டலோடு ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும், இலையும் கருகும். பூச்சி மருந்தை இதோடு கலக்காதீர்கள்.

மஞ்சள் தேமல் கண்ட செடியை முதல் முப்பது நாளுக்குள் பார்த்த இடத்திலேயே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பிடுங்குவதால் பயன் குறைவு. காலைப் பனி அதிகமானால் இலையில் வெள்ளைப் பொடி படியும். அது சாம்பல் நோய், லிட்டருக்கு மூன்று கிராம் நனையும் கந்தகம் அடித்தால் அடங்கும். வெயில் ஏறிய பின் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அறுப்பு நேரத்தில் மழை வரும் என்று நினைத்தே ஏற்பாடு செய்யுங்கள். பத்தில் எட்டுக் காய் கறுத்ததும் அறுத்துவிடுங்கள். கடைசிக் காயும் முற்றட்டும் என்று காத்தால் முதல் காய் நனைந்து முளைவிடும், தோல் நிறம் மங்கும். ரங்கூன் வியாபாரி எஸ்.க்யூ. என்ற சிறப்புத் தரத்திலிருந்து எஃப்.ஏ.க்யூ. என்ற சராசரித் தரத்துக்குத் தள்ளுவது நிறத்தையும் மணியின் பருமனையும் பார்த்துத்தான். சரக்கில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போகிறது, அங்கே இரண்டுக்கும் விலை வேறு. நனைந்த செடியைக் குவிக்காமல் மூங்கில் பரண் மேல் பரப்பினால், காற்று அடியிலும் போகும். பல்லில் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடையும்வரை காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள்.

இனி மகனின் யோசனை. அதை ஒரேயடியாக மறுக்கவில்லை, ஆனால் இரண்டு விஷயத்தை அளந்து பார்க்காமல் இறங்க வேண்டாம். முதலாவது உப்பு. சிட்டாங் முகத்துவாரத்தில் அலைச்சுவர் எழும்பி உள்ளே பாயும் ஆறு நம்முடையது. கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் குறைய, உவர்நீர் வாய்க்காலில் ஏறுகிறது. நெல்லின் மகசூல், மண்ணின் உப்பு மூன்று டெசிசைமன்ஸை (உப்பு அளவி காட்டும் அலகு) தாண்டியதும் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்குக்கு அருகே போகும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் மிகவும் மென்மையானவை. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உப்புக் கரிப்பது தெரிவதற்குள் நாற்றுக்குத் தீங்கு வந்துவிடும். பேனா அளவிலான உப்பு அளவி ஒன்று வாங்கி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும், பௌர்ணமி அமாவாசை ஓதத்தில் ஏற்றத்தில் ஒன்றும் வற்றத்தில் ஒன்றுமாக அளந்து எழுதிவையுங்கள். தண்ணீரிலேயே இரண்டைத் தாண்டினால் நாற்றுக்கு அதைப் பாய்ச்ச வேண்டாம். இடையில் பாய்ச்சிய உப்பு மண்ணிலேயே தங்கும், அடுத்த உளுந்தும் கெடும். உளுந்து உப்புக்கு நெல்லைவிட அஞ்சும் பயிர்.

இரண்டாவது வெப்பம். நெல் காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் பூ திறக்கும். அந்த நேரம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். இரவு வெப்பமும் சேதம் செய்யும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்கில், வறண்ட பருவத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது மகசூல் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. நம் நாட்டில் 2024 ஏப்ரல் 28 அன்று சௌக்கில் 48.2 டிகிரி பதிவானது. தனப்பின் அவ்வளவு கொதிக்காது என்றாலும், ஏப்ரலில் பூக்கும் நெல்லை நம்பி டீசல் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். பூ மார்ச் முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும் என்றால் 115 நாள் ரகம் டிசம்பர் தொடக்கத்தில் நாற்றங்காலில் இருக்க வேண்டும். பள்ள வயலில் பாவ்சான் அப்போதுதான் அறுபடுகிறது. நாற்றை மேட்டில் விட்டு, பாவ்சான் அறுத்த ஓர் ஏக்கரில் மட்டும் இந்த ஆண்டு நட்டுப் பார்க்கட்டும். உப்பு அளந்த தாளும் அந்த ஒரு ஏக்கரின் செலவுக் கணக்கும் கையில் இருந்தால் அடுத்த ஆண்டு நீங்கள் இருவரும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.

எல்லாம் செய்தும் வானம் ஒத்துழைக்காமல் டிசம்பர் 10 தாண்டிவிட்டால், அந்த வயலுக்கு உளுந்து வேண்டாம். ஈரம் இருந்தால் 60 முதல் 65 நாளில் முடியும் பாசிப்பயறு போடுங்கள், ஈரமும் போயிருந்தால் விதையை வீட்டிலேயே வையுங்கள்.

யேம்யொக்கான் விதையும் தீ-டட்-யின் விதையும் நடவு நெருங்கினால் கிடைப்பது கடினம். வேளாண் துறையின் டவுன்ஷிப் அலுவலகத்திலோ, சென்ற ஆண்டு போட்ட விவசாயியிடமோ வைகாசிக்குள் சொல்லிவையுங்கள். வாங்கிய விதையில் நூறை எண்ணி ஈரத்துணியில் முடிந்து மூன்றாம் நாள் அவிழ்த்துப் பாருங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.